குறைந்த விலையில் பிக்கிள்பால் பேடில்: வேலூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷட்டில் கோர்ட்டுகளில், ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பாலின் 'டொக் டொக்' சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து, புதிதாக வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த பேடில் (மட்டை) வாங்கலாம், எவ்வளவு போடலாம்? காலை ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் எல்லாம் உத்தேசம். ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் கூடக் குறையலாம்.

விளக்கமெல்லாம் பிறகு படிக்கிறேன். இப்போதைக்கு எதை வாங்குவது?

எடை 215 முதல் 230 கிராம். தடிமன் 16 மி.மீ. உள்ளே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, தேன்கூடு மாதிரியான அறைகள். பந்து படும் முகம் ஃபைபர்கிளாஸ் அல்லது சாதாரண கார்பன். அதிகம் நீளாத, அகலமான வடிவம். இவ்வளவும் இருக்கும் பேடில் 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். கம்பெனி பேர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பட்ஜெட் 6,000 என்றால் மிச்சத்தை ஷூவுக்கும் ஓவர்கிரிப்புக்கும் (பிடிக்கு மேலே சுற்றும் பட்டை) பந்துக்கும் வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் உங்கள் ஆட்டத்தை மாற்றப்போவது அவைதான்.

இரண்டு மர பேடில், நாலு பந்து, ஒரு பை, எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று வருகிறதே?

மொட்டை மாடியில் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை விளையாட என்றால் தாராளமாக வாங்குங்கள். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்தபோதும் கையில் இருந்தது மரப்பலகைதான். பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார் முப்பது பிள்ளைகளுக்கு வாங்கவேண்டும் என்றாலும் மரம் சரி. கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது.

வாரத்தில் நாலு நாள் கோர்ட்டுக்குப் போகிற ஆளுக்கு மரம் வேண்டாம். பெரும்பாலான மர பேடில்கள் 250 கிராமைத் தாண்டும், சில 300ஐத் தொடும். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து வேகமாகப் போய்வரும்போது அந்த எடையை வைத்துக்கொண்டு கையைத் திருப்ப முடியாது. அடி விழும்போது வரும் அதிர்வும் நேராக மணிக்கட்டுக்கு ஏறும். ஒரு மாதத்தில் வேறு வாங்கத்தான் போகிறீர்கள். அந்த 1,500ஐ மேலே சொன்ன பேடிலிலேயே சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பெட்டி மேல் ஏகப்பட்டது எழுதியிருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

எடை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளிநாட்டு பேடில்களில் எடையை அவுன்ஸில் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். 7.5 அவுன்ஸுக்குக் கீழே, அதாவது சுமார் 212 கிராமுக்குக் கீழே இருப்பது லேசான ரகம். 7.6 முதல் 8.2 வரை நடுத்தரம். அதற்கு மேல் கனமான ரகம். லேசானது கையில் சுலபமாகத் திரும்பும். ஆனால் எதிராளி வேகமாக அடித்த பந்தைத் தடுக்கும்போது பேடிலே பின்வாங்கும், பந்து வலையைத் தாண்டாமல் விழும். கனமானதில் அந்தத் தொந்தரவு இல்லை, தோள்தான் சீக்கிரம் களைக்கும். அதனால்தான் நடுத்தரம் என்கிறேன்.

பெட்டியில் போட்ட எடையை அப்படியே நம்பவும் வேண்டாம். குறைந்த விலை ரகங்களில் ஐந்து, பத்து கிராம் முன்னே பின்னே இருப்பது சகஜம். தெருமுனை மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கும். பேடிலை அதில் வைத்துப் பாருங்கள்; அண்ணாச்சி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. 225 என்று வாங்கியது 240 காட்டினால், திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, தராசு சொல்லாதது. ஒரே எடையுள்ள இரண்டு பேடிலில் ஒன்று தலைப்பக்கம் கனமாக இருக்கும், இன்னொன்று பிடிப்பக்கம். தலை கனத்தால் அடியில் பலம் கூடும். கையைச் சட்டென்று திருப்புவது குறையும். நீளமான பேடில்கள் பெரும்பாலும் தலை கனம்தான். விரலின் மேல் கிடத்தி எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புது ஆளுக்கு அந்த இடம் பிடிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது நல்லது.

16 மி.மீ., 14 மி.மீ., 13 மி.மீ. இவ்வளவு சின்ன வித்தியாசம் கையில் தெரியுமா?

தெரியும். தடிமனான தேன்கூடு பந்தின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். கிச்சன் என்று சொல்லும், வலையை ஒட்டிய பகுதியின் கோட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வலைக்கு மேலே தட்டிவிடும் டிங்க் அடிக்கும்போது, 16 மி.மீ. பேடிலில் பந்து நினைத்த இடத்தில் விழும். 13 அல்லது 14இல் அதே தட்டலுக்குப் பந்து துள்ளிப் போகும், எதிராளிக்கு ஸ்மாஷ் அடிக்க வாகாக. ஸ்வீட் ஸ்பாட்டும் (பந்து பட்டால் அடி நன்றாக விழும் நடுப்பகுதி) 16இல் பெரியது; நடுவில் படாத அடியும் ஓரளவு தப்பித்துவிடும்.

மெல்லியது யாருக்கு? கையில் ஏற்கெனவே கட்டுப்பாடு இருந்து, அடியில் இன்னும் வெடிப்பு வேண்டும் என்கிறவருக்கு. டென்னிஸ் ஆடி வந்தவர்கள் சிலர் 14ஐ விரும்புகிறார்கள், நியாயம்தான். உள்ளே நோமெக்ஸ் (ஒருவகைக் கெட்டிக் காகிதம்) அல்லது அலுமினியம் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். நோமெக்ஸ் கடினமானது, சத்தமும் அதிகம். அலுமினியம் அடிபட்டால் நசுங்கும்.

கார்பன், கிராஃபைட், ஃபைபர்கிளாஸ், டி700... எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

ஃபைபர்கிளாஸ் முகம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பந்தைத் தள்ளிவிடும். கையில் பலம் குறைந்தவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அது உதவி. கார்பன் விறைப்பானது, பலத்தை நீங்கள்தான் போடவேண்டும், ஆனால் பந்து போகும் திசை உங்கள் பேச்சைக் கேட்கும். கிராஃபைட்டும் கார்பன்தான், பழைய மாடல்களில் அந்தப் பேரில் மெல்லிய தகடாக வரும்.

'ரா கார்பன்' என்பது பெயின்ட் பூசாமல் இழையின் சொரசொரப்பை அப்படியே விட்ட முகம். பந்தைச் சுழற்ற அந்தச் சொரசொரப்பு உதவும். விலை குறைந்த பேடில்களில் சொரசொரப்புக்காக மணல் கலந்த பெயின்டைப் பூசியிருப்பார்கள். சில வாரங்களில் வழவழ என்று ஆகிவிடும். நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் பெயின்ட்தான்.

டி700 என்பது ஜப்பானின் டோரே கம்பெனி கார்பன் இழைக்கு வைத்திருக்கும் தரப் பேர். 1,800 ரூபாய் பேடிலின் மேல் அதே எழுத்து இருந்தால், அது உண்மையா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 3கே, 18கே என்ற எண்களும் ஒரு கற்றையில் எத்தனை ஆயிரம் இழை என்று சொல்கின்றனவே தவிர, பந்து எப்படிப் போகும் என்று சொல்வதில்லை. கட்டம் கட்டமாக இருந்தால் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

கை ரொம்ப வியர்க்கிறது. பேடில் வழுக்கி ஓடுகிறது.

நம்ம ஊர் வெயிலில் இது பேடிலின் குறை இல்லை. ஆறு மணிக்கு ஆட ஆரம்பித்தாலே ஏழரைக்குள் சட்டை நனைந்துவிடும். 3,000 ரூபாய் பேடிலும் 20,000 ரூபாய் பேடிலும் ஈரக் கையில் ஒரே மாதிரிதான் வழுக்கும். தோலுக்குப் பேர்போன பகுதியில் இருக்கிறோம், ஆனால் பேடிலோடு வரும் கிரிப் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான், வியர்வையை உறிஞ்சாது.

மேலே ஒரு ஓவர்கிரிப் சுற்றுங்கள். ஷட்டில் ராக்கெட்டுக்கும் டென்னிஸுக்கும் விற்பதே போதும், தனியாகப் பிக்கிள்பால் என்று எழுதியதைத் தேட வேண்டாம். ஒட்டுகிற ரகம் வேண்டாம்; தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும் ரகம் வாங்குங்கள், வியர்க்க வியர்க்கத்தான் அதில் பிடிப்பு கூடும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

பிடியின் சுற்றளவையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். 4 அங்குலத்திலிருந்து 4.5 அங்குலம் வரை வரும். சந்தேகம் இருந்தால் சின்னதையே எடுங்கள். ஓவர்கிரிப் சுற்றிச் சின்னதைப் பெரிதாக்கலாம்; பெரியதைச் சின்னதாக்க முடியாது. பிடித்திருக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் சரி.

நான் பல வருஷமாக ஷட்டில் ஆடுகிறேன். எனக்கும் இதே சிபாரிசுதானா?

கொஞ்சம் மாறும். ஷட்டில் ராக்கெட் 80, 90 கிராம்; இது இரண்டரை மடங்கு. ஷட்டிலில் மணிக்கட்டைச் சொடுக்கிச் சொடுக்கி அடித்த பழக்கம் இங்கே வலியில் கொண்டுபோய் விடும். அதனால் 215 கிராம் பக்கம் எடுங்கள், பிடி 4 அல்லது 4.125 அங்குலம். பள்ளி நாட்களில் மரச்சட்ட ராக்கெட்டில் மஞ்சள் பந்தை அடித்துப் பூப்பந்து ஆடியவர்களுக்குப் பழகுவது இன்னும் சுலபம். வலைக்கு மேலே பந்தைத் தாழ்வாக அனுப்பும் கை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பேடிலைப் பற்றி இல்லை என்றாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். ஷட்டில் இரட்டையர் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. அதனால் அதே கோடுகளை வைத்தே பலரும் ஆடுகிறார்கள். ஆனால் ஷட்டிலின் ஷார்ட் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி, நம்ம கிச்சன் கோடு ஏழு அடி. அரை அடி தள்ளி டேப் ஒட்டுங்கள். வலையும் நடுவில் 34 அங்குலம், ஓரத்தில் 36 அங்குலம் இருக்கவேண்டும். வலை உயரம் தப்பாக இருந்தால் டிராப் (வலையைத் தாண்டி மெதுவாக விழவைக்கும் அடி) விழாததற்குப் பேடிலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முழங்கை வலிக்கிறது. பேடிலை மாற்றினால் போய்விடுமா?

மாற்றினால் குறையலாம். 16 மி.மீ., நடுத்தர எடை, கொஞ்சம் தடிமனான பிடி, இறுக்கிப் பிடிக்காத கை: இந்த நாலும் உதவும். ரொம்ப லேசான பேடிலுக்கு ஓடாதீர்கள். அதில் பந்தின் அதிர்வு கைக்குத்தான் அதிகம் வரும், பலம் போதாமல் நீங்களும் வேகமாக வீசுவீர்கள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். நாடெங்கிலும் இருந்து வைத்தியத்துக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு, வலிக்கு யூடியூபில் பதில் தேடுவானேன்!

ஆறேழு மாதம் ஆடிவிட்டேன். இப்போது 10,000க்கு மேல் போடலாமா?

முதலில் ஒரு கேள்வி: இப்போதைய பேடிலில் எது முடியவில்லை? 'எல்லாமே' என்று பதில் வந்தால் பேடிலை மாற்ற வேண்டாம். 'சுழற்றி அடித்தாலும் பந்து கோட்டுக்குள் இறங்க மறுக்கிறது' என்றால் ரா கார்பன் முகத்துக்குப் போகலாம். 'இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடிக்க இடம் இல்லை' என்றால் ஐந்தரை அங்குலப் பிடி உள்ள நீளமான வடிவம். 'பிளாக் பண்ணும்போது பேடில் கையில் சுழல்கிறது' என்றால் இரண்டு பக்க விளிம்பிலும் ஈய டேப் இரண்டிரண்டு கிராம் ஒட்டிப் பாருங்கள். முந்நூறு, நானூறு ரூபாயில் புது பேடில் மாதிரி ஆகிவிடும். டேப்பைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள், ஈயம் ஆயிற்றே.

இந்த மூன்றுக்குமே 4,000 முதல் 6,000 வரை உள்ள இந்திய பிராண்டுகளின் ரா கார்பன், 16 மி.மீ. போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் கொடுக்கும் காசில் ஒரு பகுதி தரத்துக்கு, பெரும்பகுதி பேருக்கும் இறக்குமதி வரிக்கும். விலை கூடியவற்றில் பல, சூட்டில் அழுத்தி ஒரே துண்டாகச் செய்பவை. பலம் அதிகம், ஆனால் முகம் உள்ளே தேன்கூட்டிலிருந்து விட்டுப்போகும் தொல்லையும் சில மாடல்களில் வந்தது. காசு இருப்பவர் வாங்கட்டும். கடன் வாங்கி வாங்காதீர்கள்.

முடிவு எடுப்பதற்கு முன் கோர்ட்டில் யாரிடமாவது ஒரு கேம் மட்டும் கடன் கேளுங்கள். 11 புள்ளி வருவதற்குள் கைக்குத் தெரிந்துவிடும். இந்த ஊர்க் கடைகளில் கிரிக்கெட்டும் ஷட்டிலும்தான் அதிகம். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேறு வேலையாகப் போகும்போது பெரிய கடையில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு வழி.

டோர்னமென்டுக்கு எந்த பேடிலும் கொண்டுபோகலாமா?

நீளமும் அகலமும் சேர்த்து 24 அங்குலத்துக்குள், நீளம் மட்டும் 17 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். எடைக்கும் தடிமனுக்கும் வரம்பு இல்லை. பெரிய போட்டிகளில் யு.எஸ்.ஏ. பிக்கிள்பால் அமைப்பின் அனுமதிப் பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேடில் மேல் முத்திரை இருந்தால் போதாது, பட்டியலிலும் பேர் இருக்கவேண்டும். 2024இல் ஒரு முன்னணி கம்பெனியின் விலை உயர்ந்த மாடல்களே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நம் நாட்டில் 2025இல் இந்தியன் பிக்கிள்பால் அசோசியேஷனை மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய சம்மேளனமாக அங்கீகரித்தது. உள்ளூர்ப் போட்டி என்றால் நடத்துகிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் முடிந்தது.

பார்சல் வந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

அறையில் ஃபேனை நிறுத்துங்கள். பேடிலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் திருப்பி அனுப்புங்கள். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் முகம் முழுக்க, பிடிக்குப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, அரை அங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பானையைத் தட்டின மாதிரி வெற்றாகக் கேட்டால் அங்கே பசை பிடிக்கவில்லை. மறுபக்கமும் அதேபோல். கடைசியாக, பெருவிரலால் நடுவில் அழுத்துங்கள், அமுங்கவே கூடாது. இவ்வளவையும் மொபைலில் வீடியோ எடுத்துவைத்தால் பணம் திரும்பக் கேட்கும்போது வாதம் குறையும்.

யாராவது விற்கும் பழைய பேடிலுக்கும் இதே சோதனைதான். கூடவே விளிம்பைப் பாருங்கள்: சிமென்ட் தரையில் உரசி, விளிம்பைச் சுற்றியிருக்கும் காப்புப் பட்டை கழன்றிருந்தால் பாதி விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

வெயில் பேடிலை என்ன செய்யும்?

மே மாதம் மத்தியானம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், பதில் கிடைக்கும். உள்ளே இருக்கும் தேன்கூடு பிளாஸ்டிக். முகத்தை அதோடு பிடித்துவைத்திருப்பது பசை. இரண்டுக்கும் சூடு ஆகாது. நிறுத்தி வைத்த காரிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் பேடிலை விட்டுவிட்டு ஆபீஸுக்குள் போகாதீர்கள், பையோடு தூக்கிக்கொண்டு போங்கள்.

கழுவாதீர்கள். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். ரா கார்பன் முகத்தில் பந்தின் பிளாஸ்டிக் தூள் அப்பிச் சொரசொரப்பு குறையும். அதை எடுக்க விற்கும் ரப்பர் கட்டி, ஸ்வேட் ஷூ துடைக்கும் கிரேப் ரப்பர்தான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள்.

பத்து வயசுப் பெண்ணுக்கு?

200 கிராம் சுற்றி, சின்னப் பிடி, ஃபைபர்கிளாஸ். 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். இரண்டு வருஷத்தில் கை வளர்ந்துவிடும்.

ஷூவுக்கும் பந்துக்கும் காசு வையுங்கள் என்றீர்களே, எதை வாங்குவது?

ஓட்டத்துக்கு விற்கும் ரன்னிங் ஷூ வேண்டாம். அடிப்பாகம் உயரம், பக்கவாட்டில் எட்டு வைக்கும்போது கணுக்கால் மடங்கும். உட்கோர்ட்டில் ஆடினால் ஷட்டில் ஷூவே போதும். சிமென்ட் தரையில் அதன் மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும். அங்கே டென்னிஸ் ஷூ.

பந்தில் 40 ஓட்டை உள்ளது வெளிக்கோர்ட்டுக்கு, 26 ஓட்டை உள்ளது உட்கோர்ட்டுக்கு. வெளிப்பந்து கடினமானது. குளிர்நாடுகளில் அது விரிசல் விட்டு உடையும். நம்ம கோடையில் மெத்தென்று ஆகி, உருண்டை கோணிக்கொள்ளும். தரையில் உருட்டிவிட்டுப் பாருங்கள், நேராகப் போகாமல் தள்ளாடினால் அது பயிற்சிக்கு மட்டும். ஆளுக்கு ஒரு டப்பா என்று வாங்காமல் நாலு பேர் சேர்ந்து டஜனாக வாங்கினால் விலை நன்றாகக் குறையும். பையை நிழலில் வையுங்கள், கோர்ட் ஓரத்துக் கம்பிவேலியில் மாட்டி வெயிலில் காயவிடாதீர்கள்.